இளிவரலும் உவகையும்

மெய்ப்பாட்டியலில் இளிவரலுக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன் நான்கு: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. உவகைக்கு அவர் கூறுவன வேறு நான்கு: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. பிணி உவகையின் பக்கத்தில் இல்லை. பிறர் கையால் உண்டு, பிறர் தோள்பற்றி எழுந்து, தன் உடம்பே தனக்குப் பகையாய்க் கிடப்பவன் தன்னை எளியனாக உணர்தல் இயல்பு என்பதை இலக்கணம் அன்றே கண்டுகொண்டது. ஆயினும் கிறித்தவ இலக்கியத்தில் ஒருவகை எழுத்து, அப்பிணியின் நடுவிலேயே உவகை தோன்றியது என்று கூறுகிறது. இக்கூற்றை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? சமயத்தார் நம்பிக்கையால் மதிப்பிடுவர். திறனாய்வாளனுக்கு எழுத்தே சான்று.

இந்த வினா நமக்குத் தொலைவில் உள்ளதன்று. சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1888இல் ஓஃபிர் சாலையில் எழுந்த ஆலயமே, பிணியாளர் நாடும் லூர்து அன்னையின் பெயரைத் தாங்கியது. இன்று கிளமெண்டி போன்ற பேட்டைகளில் அடுக்குமாடி வீடுகளில் கூடும் செபக் கூட்டங்களிலும், நோயினின்று எழுந்தவர் 'சாட்சி' கூறுவதைக் கேட்கலாம். அவற்றுள் சில பின்னர் மலர்களிலும் சிறுநூல்களிலும் அச்சேறுகின்றன. சாட்சியை ஓர் இலக்கிய வகையாக நம் இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் எண்ணுவதில்லை. கிளமெண்டி சாலையிலுள்ள சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியம் பயிலும் நம் ஆசிரியர்கள், தம் பக்கத்துத் தெருவில் வழங்கும் இவ்வகையையும் ஆராயலாகாதா?

ஆராய்ந்தால் ஒரு குறை உடனே புலனாகும். நோய் வந்தது, மருத்துவர் கைவிரித்தனர், செபித்தேன், மகிழ்ச்சி பிறந்தது என்று நான்கே அடியில் பல சாட்சிகள் முடிந்துவிடுகின்றன. கூறுபவரின் உண்மையை நான் ஐயுறவில்லை. ஆனால் உறக்கம் வராத இரவுகள் எங்கே? வெறுப்பும் வெட்கமும் எங்கே? குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல் என வலிக்கு இத்தனை சொற்களை வைத்துள்ள மொழியில், 'கடும் வேதனை' என்ற ஒன்றே எல்லா நோய்க்கும் போதும் என்று எழுதுகிறோம். இளிவரலைத் தாண்டிக் குதித்து வரும் உவகை படிப்போன் நெஞ்சில் ஒட்டுவதில்லை.

கிறித்தவ மறைநூலே இதற்குச் சான்று. யோபுவின் ஆகமம் 42 அதிகாரங்கள் கொண்டது. யோபு நலம் பெற்றுச் செல்வம் மீளப்பெறும் செய்தி இறுதி அதிகாரத்திலேயே வருகிறது. இடைப்பட்ட பெரும்பகுதி முறையீடும் வழக்காடலும் ஆகும். ஆறுதல் கூற வந்த நண்பர் மூவரும் ஏழு நாள் வாய்திறவாது அவனோடு தரையில் அமர்ந்திருந்தனர். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்கள். பேசத் தொடங்கிய பின்னரே கெட்டனர். பவுலடியாரும் தம் உடம்பில் தைத்த முள் நீங்குமாறு மும்முறை வேண்டியதாகவும், அது நீங்காமலே தமக்கு வலிமை கிட்டியதாகவும் எழுதுகிறார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலில் இதனைக் காணலாம்.

நம் பக்தி மரபு இதனை அறியாததன்று. திருவதிகையில் சூலைநோயால் துடித்த நாவுக்கரசர் பாடிய முதற் பதிகத்தில் களிப்பு இல்லை. வலி எவ்விடத்தில் எவ்வாறு முறுக்குகிறது என்னும் குறிப்பும், இறைவன்மேல் வழக்கும் உண்டு. நோய் நீங்கியதைச் சேக்கிழார் சொல்லி நாம் அறிந்திருப்பதால் அப்பதிகத்தை அமைதியாகப் படிக்கிறோம். பாடியபோது பாடியவருக்கு அந்த முடிவு தெரியாது! குலசேகர ஆழ்வாரோ, வித்துவக்கோட்டுப் பதிகத்தில், அறுத்தும் சுட்டும் துன்புறுத்தும் மருத்துவனிடத்தும் நோயாளனுக்கு அன்பு மாறாதிருத்தலை உவமையாக்குகிறார். கத்தியும் சூடும் அங்கே மறைக்கப்படவில்லை.

தமிழ்க் கிறித்தவக் காப்பியத்துக்கு வருவோம். சூசையப்பரின் மரணம் பற்றி நற்செய்தி நூல்கள் ஒரு சொல்லும் கூறவில்லை. அவர் வளன் என்னும் பெயரில் தலைவராக விளங்கும் தேம்பாவணியிலோ, வீரமாமுனிவர் மூன்றாம் காண்டத்தில் பிணி தோற்று படலம் என ஒரு படலமே வகுத்துள்ளார். இங்கு நான் வியப்பது ஒன்று. பின்னாளில் பலர் பிணியைத் தீர்த்தவர் எனப் போற்றப்படும் மகன் அருகிலேயே இருக்கிறார். எனினும் வளர்த்த தந்தை பிணியுற்று இறக்கிறார். காப்பியத்தின் முடிசூட்டு அதன் பின்னரே. குணமடைதலையும் அருளையும் ஒன்றெனக் கொள்வோர் இவ்விடத்தை மெல்லப் படித்தல் நலம்.

ஆனால் காப்பியப் புலவர் பிறர் பிணியைப் பாடினார். தன் பிணியைத் தானே எழுதிய ஒருவர் திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்தார். அயர்லாந்தில் 1867இல் பிறந்து, 1895இல் இந்தியா வந்து, தோனாவூரில் ஆதரவற்ற பெண்குழந்தைகளுக்கு இல்லம் அமைத்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரே அவர். 1931 அக்டோபரில் களக்காட்டில், மாலை மங்கிய வேளையில், வெட்டியிருந்த குழியில் தவறி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் 1951 சனவரியில் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அவர் உலகம் பெரும்பாலும் ஓர் அறையே. குணமாக வேண்டுமென்று பலர் மன்றாடினர். பழைய நடமாட்டம் திரும்பவில்லை. அவ்வறையிலிருந்து அவர் நூல் பல எழுதினார்.

அவற்றுள் 1933இல் வெளிவந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' நம் ஆய்வுக்கு உரியது. முட்செடியில் பறித்த ரோசா என அப்பெயரைக் கொள்ளலாம். நோயாளர்க்கென்று நலமுடையோர் எழுதிய ஆறுதல் ஏடுகள் தம் உள்ளத்தைத் தொடவில்லை என்று அதில் அவர் வெளிப்படையாகக் கூறுகிறார்; ஆகவே தம் நூலை நோயாளி நோயாளிக்கு எழுதும் மடல்களாக அமைத்தார். விழுந்து இரண்டாண்டுகூட நிறையாத நிலையில், வலி கையிலிருக்கும்போதே எழுதியது அது. இதனை நான் ஒரு திறனாய்வுக் கொள்கையாகவே மதிக்கிறேன். யார் யாருக்கு எந்த இடத்திலிருந்து பேசுகிறார் என்பது, என்ன பேசுகிறார் என்பதனோடு பிரிக்க இயலாதது. எழுந்து நடப்பவர் 'மகிழ்வாயாக' என்பது கட்டளை. கிடப்பவர் 'மகிழ்கிறேன்' என்பது செய்தி.

குறையும் உண்டு. மேற்கோள்கள் மிகுதி, சிலவிடங்களில் அவருடைய குரல் பிறர் குரல்களுள் அமிழ்ந்துவிடுகிறது. எழுதிய மொழி ஆங்கிலம். களக்காட்டுக் குழியும் தோனாவூர் அறையும் தமிழ் மண்ணில் இருக்க, அந்த வலிக்கான தமிழ்ச் சொல் நூலுள் அமைய வழியில்லை. அதனைத் தமிழில் எழுத வேண்டியவர் நாமே.

அவ்வம்மையாரின் எழுத்தில் காணும் உவகைக்குத் தொல்காப்பியத்தில் இடம் தேடினால், உவகை நூற்பாவில் அது பொருந்தாது. பெருமிதத்திற்குச் சொன்ன நான்கில் ஒன்று தறுகண். அஞ்சாமை என்று பொருள். போர்க்களத்து வீரனுக்கே அதனை உரித்தாக்கிப் பழகிவிட்டோம். நகர முடியாத உடம்போடு, விடியாத இரவில், நம்பியவனைக் கைவிடாதிருப்பதும் தறுகண் அன்றோ? இளிவரலில் தொடங்கிப் பெருமிதத்தின் வழியே உவகைக்குச் செல்லும் எழுத்து என்று இவ்வகையை நான் பெயரிடுவேன். அவ்வழியில் ஒரு படியை விட்டாலும் எழுத்து பொய்த்துவிடும்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். நோயுற்ற நண்பனுக்கு ஆறுதல் கடிதம் எழுதுக என்பது நம் வகுப்பறைகளில் பழகிப்போன பயிற்சி. மாணவரும் 'கவலைப்படாதே, விரைவில் குணமடைவாய்' என்று அழகாக எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். நாவுக்கரசரின் அதிகைப் பதிகத்தையும் யோபுவின் முறையீட்டையும் படிப்பித்தபின், அக்கடிதத்தைப் பெற்ற நண்பன் படுக்கையிலிருந்து எழுதும் மறுமொழியை எழுதுமாறு ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.