இரண்டு நைட்ரஜன்

நெய்வேலிக்காரர்களுக்கு யூரியா என்றால் வயலில் தூவும் வெள்ளை மணி மட்டுமல்ல. இந்த ஊரே செய்து அனுப்பிய சரக்கு. 1960களில் எழுந்த உரத் தொழிற்சாலை, பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி, அதிலிருந்து அம்மோனியா எடுத்து, அதைக் கரியமில வாயுவோடு கடும் அழுத்தத்தில் சேர்த்தது. ஆண்டுக்குச் சுமார் 1.5 லட்சம் டன் யூரியா செய்ய அமைத்த ஆலை அது. இன்று இல்லை. ஆனால் அதே வேலையை நம் கல்லீரல் 37 டிகிரி சூட்டில் ஓசையின்றிச் செய்துகொண்டிருக்கிறது. புரதம் சிதைகையில் எழும் அம்மோனியா மூளைக்கு நஞ்சு. அதன் நைட்ரஜனை இரண்டிரண்டாகக் கட்டி, யூரியாவாக்கி, சிறுநீரில் இறக்கிவிடுகிறது.

சில குழந்தைகள், யூரியா செய்யும் நொதி வரிசையில் ஒன்று பழுதாகவே பிறக்கின்றன. ஓரிரு நாளில் பால் குடிக்க மறுத்து, துவண்டு, மயங்கிப் போகும். ஆலை நின்றுவிட்டால் நைட்ரஜனை வேறு எதில் ஏற்றி அனுப்புவது?

அதற்கு விடையாக வந்தது ஃபீனைல் அசிட்டிக் அமிலம். வெள்ளைப் படிகம். துளியாகக் கரைத்தால் தேன் மணம், தேனிலும் உண்டு. கூடினால் அதே மணம் குமட்டும் நாற்றமாகிறது. மருந்துலகில் இதற்குப் பழைய வேலை பென்சிலின் ஜி. நொதித் தொட்டியில் இதைச் சேர்த்தால் பூஞ்சை தான் செய்யும் பென்சிலின் மூலக்கூறின் பக்கவாட்டில் இதைக் கோத்துக்கொள்ளும். நம் மாவட்டத்துக் கடலூர் சிப்காட்டில் ஸ்பிக் நிறுவனம் அந்தப் பென்சிலினைத் தயாரித்திருக்கிறது. ஆனால் நான் வியந்து வியந்து படிப்பது இதன் மற்ற வேலையைத்தான்.

அந்தக் கதை 1904இல் ஜெர்மனியில், நாய்களோடு தொடங்குகிறது. கொழுப்பை உடல் எப்படி எரிக்கிறது என்று அறிய விரும்பினார் ஃபிரான்ஸ் க்னூப். பென்சீன் வளையத்தை உடலால் எரிக்க முடியாது. எனவே கொழுப்பு அமிலங்களின் நுனியில் அந்த வளையத்தை மாட்டி நாய்களுக்குக் கொடுத்தார். கழுத்தில் மணி கட்டிக் காட்டுக்குள் மேயவிட்ட மாடு போல அது எங்கே போய் வந்தாலும் அடையாளம் தெரியும். வால் எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி, ஒற்றைப்படைக் கார்பன் கொண்டது பென்சாயிக் அமிலமாகவும், இரட்டைப்படை கொண்டது ஃபீனைல் அசிட்டிக் அமிலமாகவும் குறுகி, ஒவ்வொன்றும் கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு இணைந்து சிறுநீரில் வந்தது. உடல் வாலை இரண்டிரண்டு கார்பனாகத்தான் நறுக்குகிறது! கதிரியக்க அணுக்கள் கைக்கு வராத காலத்தில், ஒரு வளையத்தையும் ஒரு குவளைச் சிறுநீரையும் வைத்துக் கண்ட உண்மை இது.

நாயின் உடலில் இந்த அமிலம் பற்றும் கிளைசினில் நைட்ரஜன் ஒன்றுதான். மனிதர் கதை வேறு. 1914இல் தியர்ஃபெல்டரும் ஷெர்வினும் மனிதச் சிறுநீரைப் பார்த்தபோது அமிலம் அங்கே குளூட்டமின் என்ற வேறோர் அமினோ அமிலத்தைப் பற்றியிருந்தது. குளூட்டமினில் நைட்ரஜன் இரண்டு. யூரியாவிலும் இரண்டு! இந்த ஓர் எண் பொருத்தம் சுமார் 65 ஆண்டுகள் பயனின்றிக் கிடந்தது. 1979-80இல் அமெரிக்காவின் பால்டிமோரில் சால் புருசிலோவும் அவர் குழுவினரும் அதைச் சிகிச்சையாக்கினார்கள். அமிலத்தைக் கொடுத்தால் அது குளூட்டமினைப் பற்றிக்கொண்டு சிறுநீரில் வெளியேறும். இழந்த குளூட்டமினை உடல் மறுபடி செய்யும். செய்ய அம்மோனியாவைச் செலவழிக்கும். பழுதான ஆலையைத் தொடாமலேயே நஞ்சு குறைகிறது.

நாற்றம் மட்டும் மிச்சம் இருந்தது. அதற்கும் க்னூப்பின் நாய்களே வழி காட்டின. வாலில் இரண்டு கார்பன் கூடுதலாக உள்ள ஃபீனைல் பியூட்டிரேட்டைக் கொடுத்தால், உடல் அந்த இரண்டையும் தானே நறுக்கி அமிலத்தை உள்ளே உண்டாக்கிக்கொள்ளும். 1996இல் அமெரிக்கா இதை மருந்தாக ஏற்றது.

அளவைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். நாளொன்றுக்கு 20 கிராம் வரை, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரையில் 40. மற்ற மருந்துகள் கடுகளவில் பூட்டைத் திறக்கும் சாவிகள். இது பாரம் ஏற்றும் வண்டி. ஒரு மூலக்கூறுக்கு இரண்டு நைட்ரஜன்தான் ஏறும். எத்தனை மூட்டையோ அத்தனை வண்டி வேண்டும்.