பழமை பூசிய எழுத்து

மேலூர் வட்டாரத்து நிக்காஹ் அழைப்பிதழ்களிலும் மீலாது சுவரொட்டிகளிலும் அண்மைக்காலமாக ஒருவகை அலங்கார எழுத்துரு காணக்கிடைக்கிறது. எழுதுகோலின் வளைவும் மை உதிர்ந்தாற்போன்ற சிதைவும் சேர்ந்து அதற்குத் தொன்மைச் சாயல் தருகின்றன.

கண்ணுக்கு இனிமைதான், ஆயினும் அரபு எழுத்தில் இச்சிதைவை ஏற்பதற்கில்லை. ‘பா’, ‘தா’, ‘ஸா’ மூன்றுக்கும் வடிவம் ஒன்றே. புள்ளிகளே அவற்றை வேறுபடுத்துகின்றன. அழகுக்காகத் தூவிய துகளொன்று ‘ஹா’வின் வயிற்றில் விழுந்தால் அது ‘ஜீம்’ ஆகும். தலைக்குமேல் விழுந்தால் ‘கா’ ஆகும். கி.பி. 940இல் மறைந்த இப்னு முக்லா, எழுதுகோல் இடும் புள்ளியையே எழுத்துகளின் அளவுகோலாக்கினார் என்பது இங்கு எண்ணத்தக்கது.

மேலும், இப்பழமை மெய்யானதுமன்று. ஓர் அலிஃபில் உள்ள கீறல் எல்லா அலிஃபுகளிலும் அதே இடத்தில் நிற்கிறது. 1927இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ‘முஸல்மான்’ உருது நாளேட்டைக் காதிபுகள் கையால் எழுதியே அச்சேற்றினர். கையெழுத்தில் ஓர் எழுத்து இருமுறை ஒன்றுபோல் அமைவதில்லை. அதன் தேய்வு காலம் இட்ட தடம். இதுவோ கணினி இட்ட ஒப்பனை.

கெய்ரோவின் பூலாக் அச்சக எழுத்துகளை மீட்டெடுத்த ‘அமீரி’ எழுத்துரு, பழைய அச்சின் அழகைக் கொணர்ந்ததேயன்றி அதன் கறையைக் கொணரவில்லை. தமிழ்த் தலைப்புகளுக்கு ஒப்பனை இருக்கட்டும்; இறைமறை வசனத்துக்கு வேண்டுவது தெளிவே.