மானனீகை: பெருங்கதையின் பந்தாட்டக்காரி

மானனீகை, கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில் வரும் பெண் பாத்திரம். கோசல மன்னனின் மகள். போரில் சிறைப்பட்டு, தான் யார் என்பதை வெளியிடாமல், உதயணனின் தேவி வாசவதத்தையிடம் பணிப்பெண்ணாக இருந்தவள். வத்தவ காண்டத்தில் ‘பந்தடி கண்டது’ என்னும் பகுதியில் நடக்கும் பந்தாட்டப் போட்டியில் மற்ற எல்லாரையும் விஞ்சி ஆடுபவள் அவளே. ஆனால் பெருங்கதையைப் பற்றிய பேச்சில் அவள் உதயணன் மணந்த பெண்களுள் ஒருத்தி என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறாள். தமிழ்க் காப்பியங்களில் ஆட்டத்திறனுக்காகவே அறிமுகமாகும் பெண் பாத்திரங்கள் மிகச் சிலர். அவர்களுள் முதன்மையானவள் ஆட்டக்காரியாக வாசிக்கப்படாமல் போனது ஏன் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

நூலின் பின்னணி

பெருங்கதை, குணாட்டியர் பைசாச மொழியில் இயற்றியதாகச் சொல்லப்படும் பிருகத்கதையின் வழிவந்த தமிழ்க் காப்பியம். கொங்குவேளிர் சமணர், ஈரோட்டுக்கு அருகிலுள்ள விஜயமங்கலத்தைச் சேர்ந்தவர் எனப்படுகிறார். நூல் ஆசிரியப்பாவால் ஆனது. உஞ்சை, இலாவாணம், மகதம், வத்தவம், நரவாணம் என ஐந்து காண்டங்கள் கிடைத்துள்ளன. தொடக்கமும் முடிவும் கிடைக்கவில்லை. உ.வே. சாமிநாதையர் 1924-இல் இதைப் பதிப்பித்தார். பின்னர் பொ.வே. சோமசுந்தரனார் உரை எழுதினார்.

சிலப்பதிகாரம், மணிமேகலை, சீவக சிந்தாமணி ஆகியவற்றுக்குக் கிடைத்த பரவலான வாசிப்பு பெருங்கதைக்குக் கிடைக்கவில்லை. ஐம்பெருங்காப்பிய வரிசையிலும் ஐஞ்சிறுகாப்பிய வரிசையிலும் அதற்கு இடமில்லை. பாடத்திட்டம் அந்த வரிசைகளை ஒட்டியே அமைந்ததால் மாணவர்கள் பெரும்பாலும் நூலின் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். நூலே ஓரத்தில் நிற்கும்போது, அதற்குள் ஒரு காதையில் ஒளிரும் பணிப்பெண் கண்ணில் படாமல் போவதில் வியப்பில்லை.

பந்தடிப் போட்டி

உதயணன் இழந்த நாட்டை மீட்டு, வாசவதத்தை, பதுமாபதி என்னும் இரு தேவியரோடு கோசம்பியில் அமைதியாக வாழும் காலத்தில் இந்த ஆட்டம் நடக்கிறது. இரு தேவியரின் தோழியரும் மாறி மாறிக் களத்தில் இறங்குகிறார்கள். இராசனை, காஞ்சனமாலை, அயிராபதி, விச்சுவலேகை, ஆரியை என்று ஆடுபவர்களுக்குப் பெயர் உண்டு. ஒருத்தி எத்தனை முறை பந்தை அடித்தாள் என்ற எண்ணிக்கையும் சொல்லப்படுகிறது. ஆயிரத்தில் தொடங்கும் கணக்கு, அடுத்து வருபவளால் மிஞ்சப்பட்டு, படிப்படியாக ஏறுகிறது. ஒரே நேரத்தில் பல பந்துகளை ஏற்றி இறக்கி, சுழன்று, முன்னும் பின்னும் நகர்ந்து, எந்தப் பந்தும் தவறாமல் அடிப்பதே ஆட்டம். கடைசியில் வரும் மானனீகை முன் ஆடியவர்களின் கணக்கையெல்லாம் கடந்துவிடுகிறாள்.

இந்தப் பகுதியின் சிறப்பு அதன் வடிவத்தில் இருக்கிறது. இரண்டு அணிகள், ஒருவர்பின் ஒருவராக ஆட்டக்காரர்கள், ஒவ்வொருவருக்கும் ஓர் எண், முந்திய எண்ணை முறியடிக்கும் அடுத்த எண், இறுதியில் வெற்றி. இன்றைய வாசகர் இதை ஒரு விளையாட்டுச் செய்தியைப் படிப்பதுபோலப் படிக்க முடியும். ஆசிரியப்பாவின் நீண்ட, தடையில்லாத ஓட்டம் இப்படி அடுக்கிச் சொல்வதற்குப் பொருத்தமாக இருக்கிறது. நான்கடி விருத்தத்தில் ஒவ்வொரு பாடலும் தனித்தனி ஓவியமாக நின்றுவிடும். ஆசிரியப்பாவில் ஆட்டம் ஆட்டமாகவே தொடர்கிறது.

கொங்குவேளிர் ஆட்டத்தின் நுட்பத்தை அறிந்தவராகத் தெரிகிறார். பந்து எவற்றால் செய்யப்பட்டது என்பதில் தொடங்கி கை, கால், கண் ஆகியவற்றின் இயக்கம் வரை அவர் கவனம் செல்கிறது. குழல் அவிழ்வதும் வியர்வை அரும்புவதும் இங்கும் உண்டு. ஆனால் அவை ஆட்டத்தின் உழைப்பிலிருந்து வருபவை. எண்ணிக்கை இருப்பதால் வருணனை வெறும் அழகுப் பேச்சாக நழுவிவிடாமல் நிற்கிறது.

பந்துக்குப் பின்

போட்டி முடிந்ததும் கதை திசை மாறுகிறது. மானனீகையின் ஆட்டத்தைக் கண்ட உதயணன் அவள்மீது காதல் கொள்கிறான். அடுத்த பகுதியான ‘முகவெழுத்துக் காதை’யில் அவளுடைய முகத்தில் யவன மொழியில் செய்தி எழுதி, தேவிக்குத் தெரியாமல் உறவை வளர்க்கிறான். செய்தி வாசவதத்தையின் காதுக்கு எட்டுகிறது. சினந்த தேவி மானனீகையைத் தூணில் கட்டிவைத்து, அவள் கூந்தலைக் குறைக்கும்படி ஆணையிடுகிறாள். உதயணனின் நண்பர்கள் ஏதேதோ சொல்லிக் காலம் கடத்துகிறார்கள். அதற்குள் வரும் ஓலை ஒன்று, அவள் கோசல மன்னன் மகள் என்பதையும் வாசவதத்தைக்குத் தங்கை முறை என்பதையும் வெளிப்படுத்துகிறது. சினம் தணிந்து, தேவியே முன்னின்று அவளை உதயணனுக்கு மணம் செய்விக்கிறாள். பிறகு கதை விரிசிகை என்னும் இன்னொரு பெண்ணிடம் சென்றுவிடுகிறது.

இந்த நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் மானனீகையின் நிலை தெளிவாகும். களத்தில் அவளுக்குக் குலம் தேவைப்படவில்லை. கையின் திறமே அவளை முதலிடத்தில் நிறுத்தியது. களத்துக்கு வெளியே அந்தத் திறம் அவளைக் காப்பாற்றவில்லை. அரசனின் பார்வையை ஈர்த்து அவளை ஆபத்தில் தள்ளியதே அந்தத் திறம்தான். தூணிலிருந்து அவளை விடுவித்தது அவள் யாருடைய மகள் என்ற செய்தி. உண்மையிலேயே பணிப்பெண்ணாக இருந்திருந்தால் அவள் கூந்தல் தப்பியிருக்காது. காப்பியம் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நிகழ்வுகளை மறைக்காமல் அடுக்கியிருப்பதால் வாசகர் இதைக் காண முடிகிறது.

உதயணன் கதையின் பிற வடிவங்கள்

உதயணன் கதையில், அடையாளம் மறைந்த இளவரசி தேவியின் பணிப்பெண்ணாக வந்து அரசனின் காதலுக்கு ஆளாவது பழகிய அமைப்பு. ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷர் வடமொழியில் எழுதிய இரண்டு நாடகங்கள் இதே அமைப்பைக் கொண்டவை. ‘ரத்னாவளி’யில் சாகரிகை அரசனின் உருவத்தை ஓவியமாக வரைகிறாள். ‘பிரியதர்சிகா’வில் ஆரண்யகை அரண்மனை நாடகத்தில் வாசவதத்தையாக வேடமிட்டு நடிக்கிறாள். ஓவியமும் நடிப்பும் அங்கே காதலை வெளிப்படுத்தும் வழிகளாகின்றன. இருவரும் தம் கலையில் பிறரோடு போட்டியிடுவதில்லை.

மானனீகை ஆடும்போது அரசனை நினைத்து ஆடவில்லை. அவள் முன் இருப்பது பந்தும், முந்தியவளின் கணக்கும்தான். காதல் பார்ப்பவனிடம் பிறக்கிறது. மற்ற இரு நாயகியரிடமிருந்து அவளை வேறுபடுத்துவது இதுவே. ஆட்டம் நடக்கும் நேரம் முழுவதும் அவள் தனக்காகவும் தன் அணிக்காகவும் இருக்கிறாள்.

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான உதயணகுமார காவியமும் இக்கதையைச் சொல்கிறது. 367 பாடல்களில் உதயணன் வரலாறு முழுவதையும் அடக்கும் அந்நூலில் பந்தாட்டம் சுருங்கி, காதல் நிகழ்ச்சிக்கு முன்னுரையாகிவிடுகிறது. கதையைச் சுருக்கும்போது முதலில் விழுந்துபோவது ஆட்டக்காரியின் கணக்குதான்.

பந்தாடும் பிற பெண்கள்

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் விமலை பந்தாடுகிறாள். வணிகன் சாகரதத்தனின் மகளான அவள் பல பந்துகளைத் திறமையோடு ஆடுவது விரிவாகவே பாடப்படுகிறது. ஆனால் பந்து தெருவில் விழுந்து சீவகன் கண்ணில் படுவதற்காகவே அந்த ஆட்டம் நிகழ்கிறது. அவளோடு போட்டியிட எவரும் இல்லை. வெற்றி தோல்வியும் இல்லை. திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடுகிறாள். அந்தச் சந்தம் பந்தின் துள்ளலைக் காதில் கேட்கச் செய்வது. அங்கும் ஆட்டத்தின் முடிவில் காத்திருப்பது குற்றாலநாதரின் உலாவும் அதனால் வரும் காதல் நோயும்.

வடமொழியில் தண்டியின் ‘தசகுமார சரிதம்’ கந்துகாவதி என்னும் இளவரசி மக்கள் முன்னிலையில் பந்தாடும் விழாவைச் சொல்கிறது. ஆட்ட முறைகளின் பெயர்களைக்கூடத் தரும் அப்பகுதியும், அவளைப் பார்த்து மயங்கும் இளைஞனின் வாயிலாகவே சொல்லப்படுகிறது. பெண் ஆடுவாள், ஆண் காண்பான், காதல் பிறக்கும் என்பது இலக்கிய மரபாகவே உறைந்துவிட்டது. பெருங்கதையும் கடைசியில் இம்மரபுக்குள் வந்து சேர்கிறது. ஆனால் சேர்வதற்கு முன் ஒரு முழுப் போட்டியை நடத்தி முடிக்கிறது.

பெயரற்ற ஆட்டக்காரிகள்

சங்கப் பாடல்களில் பெண்களின் விளையாட்டுக்குப் பஞ்சமில்லை. ஓரை, கழங்கு, பந்து, ஊசல், புனலாட்டு எல்லாம் அங்கே உண்டு. புறநானூற்றின் 36-ஆம் பாடலில், கருவூர் முற்றுகையைப் பற்றிப் பேசும் ஆலத்தூர் கிழார், ஆற்று மணலில் பொற்கழங்கு ஆடும் பெண்களைக் காட்டுகிறார். நற்றிணை 68-இல் ஒரு தோழி, பெண்கள் ஓரையாடாமல் வீட்டுக்குள் அடைபட்டிருப்பது அறமும் ஆகாது, அதனால் செல்வமும் தேயும் என்று அன்னைக்கு யாரேனும் எடுத்துச் சொல்லமாட்டார்களா என்கிறாள். காதலனைச் சந்திக்க வழிதேடும் பேச்சுதான் அது. ஆயினும் விளையாட்டைப் பெண்ணின் உரிமையாக வைத்து வாதாடும் மிகப் பழைய தமிழ்க் குரல்களில் ஒன்று.

சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி ஆகியவை உள்ளன. பெண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் அம்மானை, நீராடல், ஊசல். மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் திருச்சாழல், திருப்பூவல்லி, திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல் போன்றவை பெண்களின் ஆடல் பாடல்களிலிருந்து வடிவம் பெற்றவை. தில்லையில் அருளியவை என்று மரபு சொல்லும். சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம் எனக் கீழ் வெள்ளாற்றுப் பகுதியில் கோயில்களில் ஓதப்படும் இப்பாடல்களுக்கு அடியில் இருப்பது, பூக்கொய்தும் ஊஞ்சலாடியும் தோள்வீசியும் விளையாடிய பெண்களின் தாளம். புலவர்கள் அந்தத் தாளத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆடியவர்களின் பெயர் நிற்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் பெருங்கதையின் பெயர்ப் பட்டியல் மதிப்பு மிக்கதாகிறது. அவர்கள் கற்பனைப் பாத்திரங்களே. ஆனால் ஆடும் பெண்ணுக்குப் பெயரும் எண்ணும் தர வேண்டும் என்று ஒரு புலவர் எண்ணியிருக்கிறார்.

மதிப்பீடு

மானனீகை மறக்கப்பட்டதற்குக் காப்பியமும் ஒரு காரணம். அவளுடைய வெற்றியைப் போற்றிய அதே நூல், அதை அரசனின் காதலுக்கு வாயிலாக்கிக் கடந்துபோகிறது. ஆனால் பெரிய பொறுப்பு வாசிப்பு மரபினுடையது. பந்தடிப் பகுதிகள் வருணனை என்ற தலைப்பின்கீழ் ஒதுக்கப்பட்டன. வருணனை என்று பெயரிட்டவுடன் அங்கே நடப்பது செயல் என்பது மறந்துவிடுகிறது. வில்வித்தையில் அருச்சுனன் காட்டும் திறமை கதையின் நிகழ்ச்சியாகவும், பந்தில் மானனீகை காட்டும் திறமை அழகின் பகுதியாகவும் பிரிக்கப்படுவதற்கு நூலில் காரணம் இல்லை.

இந்தப் பழக்கம் காப்பிய வாசிப்போடு நிற்பதில்லை. 2013-ஆம் ஆண்டு மும்பையில் நடந்த மகளிர் உலகக் கோப்பை கிரிக்கெட்டில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகச் சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி சதமடித்தார். உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியப் பெண் அவர். எண் பதிவேட்டில் இருக்கிறது. அந்த ஆட்டத்தை நினைவிலிருந்து விவரிக்கக்கூடியவர்கள், அதே நாட்டு ஆடவர் சதங்களை விவரிப்பவர்களோடு ஒப்பிட மிகச் சிலரே இருப்பார்கள். எண்ணை எழுதிவைப்பது மட்டும் போதாது. ஆட்டம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டால்தான் ஆட்டக்காரி நினைவில் நிற்பாள்.

பெருங்கதையின் வத்தவ காண்டம் அந்த முதல் வேலையை நெடுங்காலத்துக்கு முன்பே செய்துவிட்டது. ‘பந்தடி கண்டது’ பகுதியை மட்டும் தனியே எடுத்து, சோமசுந்தரனார் உரையின் துணையோடு ஒரே அமர்வில் படித்துவிடலாம். அப்படிப் படிக்கும் மாணவர், உதயணன் வருவதற்கு முன் சற்று நின்று, யார் எத்தனை அடித்தார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மானனீகை வென்றவளாக இருப்பது அந்தக் கணக்கில்தான்.