ஆங்கிலத்தின் இரு செயப்படுபொருள்களும் தமிழின் நான்காம் வேற்றுமையும்

ஆங்கில இலக்கணத்தைத் தமிழ்வழி விளக்குவோர் பலர், அம்மொழியின் நேர்முகச் செயப்படுபொருளை இரண்டாம் வேற்றுமை என்றும், மறைமுகச் செயப்படுபொருளை நான்காம் வேற்றுமை என்றும் கொள்கின்றனர். கற்பித்தற்கு எளிதாகலின் இம்முறை பரவியுள்ளது. எனினும், இவ்விணைப்பு இருமொழிகளின் இயல்பையும் ஒருங்கே மறைக்கின்றது என்பதை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'ஹி கேவ் தி பாய் எ புக்' என்னும் தொடர், 'அவன் சிறுவனுக்கு ஒரு நூலைக் கொடுத்தான்' எனத் தமிழில் அமையும். ஈண்டு அவ்விணைப்புப் பொருந்துவதுபோலத் தோன்றும். ஆயினும், தமிழில் கொள்வோனைக் காட்டுவது 'கு' உருபு. சொற்களை எம்முறையில் மாற்றி வைப்பினும் கொள்வோன் மாறான். ஆங்கிலப் பெயர்க்கோ அத்தகைய உருபு இல்லை. 'ஹி கேவ் தி கிங் தி ஸ்லேவ்' என்புழி அரசன் கொள்வோன், அடிமை கொடுக்கப்படுவோன். பெயரிரண்டும் இடம் மாறின், அடிமை கொள்வோனாக, அரசன் கொடுக்கப்படுவோனாவான். எனவே, ஆங்கிலத்தில் மறைமுகச் செயப்படுபொருளைத் தெரிவிப்பது உருபன்று, இடமே என்பது பெறப்படும்.

பழைய ஆங்கிலத்தின் நிலை வேறு. அக்காலத்து ஆண்பாற் படர்க்கைப் பெயர், செயப்படுபொருட்கண் 'ஹினே' எனவும், கொடைப்பொருட்கண் 'ஹிம்' எனவும் இருவேறு வடிவம் பெற்றது. பின்னர் வேற்றுமை ஈறுகள் தேய்ந்தொழிய, 'ஹிம்' ஒன்றே இரண்டிற்கும் பொதுவாயிற்று. இன்று 'ஐ சா ஹிம்' என்னுமிடத்து நேர்முகச் செயப்படுபொருளாய் நிற்பது, வடிவத்தால் பழைய நான்காம் வேற்றுமைச் சொல்லே. இந்நிலையில் வடிவங்கொண்டு இக்கால ஆங்கிலத்தில் நான்காம் வேற்றுமை காண்டல் பொருந்தாது. டென்மார்க்கு நாட்டு மொழியறிஞர் யெஸ்பர்சனும், இலக்கணத் தத்துவம் பற்றி 1924-இல் வெளியிட்ட நூலில், இக்கால ஆங்கிலத்திற்கு அத்தகைய தனி வேற்றுமை உண்டு எனும் கொள்கையை மறுத்தார்.

'ஹி கேவ் எ புக் டு தி பாய்' என்னும் தொடரிலுள்ள 'டு தி பாய்' என்பதும் மறைமுகச் செயப்படுபொருளே என்பது பள்ளி இலக்கணங்கள் பலவற்றின் கருத்து. 2002-இல் ஹடில்ஸ்டன், புல்லம் ஆகியோர் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் இதனை உடன்படவில்லை. பொருள் ஒத்திருத்தலால் இலக்கணப் பணியும் ஒன்றாதல் வேண்டுமென்பதில்லை. இவ்வேறுபாட்டின் பயன் வினைதோறும் விளங்கும். 'எக்ஸ்பிளெய்ன்' என்னும் வினை 'டு' ஏற்ற தொடரையே கொள்ளும்; 'ஹி எக்ஸ்பிளெய்ன்ட் மீ தி லெசன்' என்பது வழு. 'எனக்குப் பாடத்தை விளக்கினார்' என்பதில் நான்காம் வேற்றுமை கண்ட மாணவன், மேற்கூறிய இணைப்பை நம்பினால் இவ்வழுவில் வீழ்தல் இயல்பே.

வேறு வினைகளும் இணைப்பிற்கு இடையூறாவன. 'அவனுக்கு உதவினான்' என்பது ஆங்கிலத்தில் 'ஹி ஹெல்ப்ட் ஹிம்' என நேர்முகச் செயப்படுபொருள் பெறும். 'ஐ ஆஸ்க்ட் ஹிம் எ கொஸ்டின்' என்பதில் 'ஹிம்' மறைமுகச் செயப்படுபொருள். தமிழிலோ 'அவனை ஒரு வினாக் கேட்டேன்' என இரண்டாம் வேற்றுமையும், 'அவனிடம்' என ஏழாம் வேற்றுமையும் வரும். செயப்பாட்டு வினையும் இதற்குச் சான்றாம். 'தி பாய் வாஸ் கிவன் எ புக்' எனக் கொள்வோன் எழுவாயாதல் ஆங்கிலத்திற்கு இயல்பு. தமிழில் 'சிறுவனுக்கு நூல் கொடுக்கப்பட்டது' என்பதன்றிச் சிறுவன் எழுவாயாகான்.

இனி, நம் இலக்கண மரபை நோக்குவோம். தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் தொழின் முதனிலைகளைத் தொகுத்துரைக்கையில், செயப்படுபொருளை ஒன்றாகவும் 'இன்னதற்கு' என்பதனைப் பிறிதொன்றாகவும் எண்ணினார். கொள்வோனைச் செயப்படுபொருளின் ஒரு வகையாக அவர் கொண்டிலர். நன்னூலாரும் நான்காம் வேற்றுமைக்குக் கொடையோடு பகை, தகவு, முறை முதலிய பொருள்களையும் உடன் கூறினார். இப்பரப்பு முழுவதையும் மறைமுகச் செயப்படுபொருள் என்னும் ஒரு பெயருள் அடக்குதல் இயலாது. அப்பெயரைத் தமிழின்மேல் ஏற்றுங்கால், மரபு தெளிவாக வேறுபடுத்திய இரண்டும் மயங்குகின்றன.

கொடை குறித்த வினைகளில் இரு மொழிகளும் பொருளால் நெருங்குவன என்பது உண்மையே; அதனை மறுத்தல் நம் கருத்தன்று. பொருளொப்புமை ஒப்பிடத் தொடங்குதற்கு வாயிலாகலாம், இலக்கண விதியாகாது. ஆங்கிலச் செயப்படுபொருள்களை இடத்தாலும் வினையின் இயல்பாலும், தமிழ் வேற்றுமைகளை உருபாலும் பொருளாலும் தனித்தனி வரையறுத்த பின்னரே ஒப்பிடுதல் முறையாம். அங்ஙனம் செய்யின் ஆங்கிலம் கற்போர்க்கு வழுக் குறையும். தமிழ் இலக்கணம் பயில்வோர்க்கும் நான்காம் வேற்றுமையின் விரிவு தெளிவாகும்.