நீசன் என்று யார் பாடுவது?

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு சாவு. துறைமுகத்தில் 30 வருஷம் மூட்டை தூக்கிய மனிதர். முதல்நாள் ராத்திரி பந்தலில் கானா. அவர் நடை, கோபம் வந்தால் அவர் பேசுகிற பேச்சு, கூலியில் கை வைத்த மேஸ்திரியை அவர் நாலு பேர் பார்க்க மடக்கினது என்று எல்லாமே பாட்டில் வந்தது. மறுநாள் சபையார் வந்தார்கள், கீர்த்தனைப் புத்தகம் திறந்தது. பாட்டின் நடுவில் 'நீசன்' என்ற சொல் வந்தது. மூத்த மகன் எழுந்து, "எங்க நைனா இன்னா நீசனா? வேற பாட்டு பாடுங்க" என்றான். சாவு வீட்டில் கலாட்டா வேண்டாம் என்று நாங்களே அவனைத் தெருமுனைக்குக் கூட்டிப்போனோம். பாட்டு முழுசாகப் பாடி முடிக்கப்பட்டது.

அவன் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. குடிச்சிட்டு பேசறான் என்று சிலர், இயக்கத்துக்காரன் அப்படித்தான் என்று சிலர். அவன் கேட்டது ஒரு விமர்சனக் கேள்வி. ஒரு பிரதியில் 'நான்' என்று வரும் இடத்தில் யார் நிற்கிறார்கள் என்ற கேள்வி.

நமது கீர்த்தனைகளில் பாடுகிறவன் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் சொற்கள் நிறைய. நீசன், ஈனன், அடிமை, நாயேன், புழு. இதில் அடிமையும் புழுவும் வேதாகமத்திலேயே உண்டு. ஆனால் இவற்றை இப்படி அடுக்கிப் பாடும் பழக்கம் தமிழ் பக்தி இலக்கியத்திலிருந்து வந்தது. திருவாசகத்தில் மாணிக்கவாசகர் தன்னை நாய் என்கிறார், புலையன் என்றும் சொல்லிக்கொள்கிறார். இதே திருவொற்றியூர்க் கோயிலுக்கு வந்து பாடிய வள்ளலாரிடமும் 'நாயேன்' உண்டு. மாணிக்கவாசகர் பாண்டியனின் அமைச்சர், பிராமணர் என்பது மரபு. வள்ளலார் கணக்கெழுதும் கருணீகர் குடும்பம். அவர்கள் அப்படிச் சொன்னால் அது பணிவு, ஏனென்றால் அவர்கள் அப்படி இல்லை என்பது கேட்கிற எல்லாருக்கும் தெரியும். பதிகம் முடிந்ததும் அமைச்சர் அமைச்சர்தான். உண்மையிலேயே புலையன் என்று ஊர் ஒதுக்கி வைத்தவன் பதிகம் முடிந்து எங்கே போவான்? இறங்குவதற்கு உயரம் இருப்பவனுக்குத்தான் அந்தச் சொல் அலங்காரம். நமக்கு அது விலாசம்.

கிறிஸ்தவப் பாட்டுக்கு இந்த மொழியைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). அவருக்குப் பின்னால் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900). இருவரும் வேளாளர். இருவரும் பெரிய கவிகள், அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் 1820களில் தஞ்சையில் நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். புதிதாக வந்த மிஷனரிகள், கோயிலுக்குள் சாதி பார்த்து உட்காரக் கூடாது, நற்கருணையில் எல்லாரும் கலந்து வர வேண்டும் என்றார்கள். சாஸ்திரியார் எதிர்த்தார். 1829ல் சாதி வழக்கத்துக்கு ஆதரவாக எழுதினார். மிஷனரிகள் செய்த கொடுமைகள் என்று அவர் வரிசைப்படுத்தியதில் தமிழ்ப் பாட்டைத் தடுத்ததும் உண்டு, பறையரோடு சேர்ந்து உட்கார வைத்ததும் உண்டு. முதலாவதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. வெள்ளைக்காரன் மெட்டுக்கு ஏன் வாயசைக்க வேண்டும்? இரண்டாவதில் அவர் நமக்கு எதிரே நின்றார். 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பிய பிறகும் எதிர்ப்பு ஓயவில்லை. கடவுள் முன்னால் தன்னைத் தாழ்த்திப் பாடத் தெரிந்த மொழிக்கு, பக்கத்தில் உட்கார்ந்தவனைச் சமமாகப் பார்க்கத் தெரியவில்லை.

இதைச் சொன்னால் தோழர்கள் உடனே, புத்தகத்தைத் தூக்கிப் போடு என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். காரியம் முடிந்த பிறகு அந்த அம்மா, செத்தவரின் சம்சாரம், மகனிடம் சொன்னது வேறு. "ஊருதான்டா அவர நீசன்னு சொல்லிச்சி. ஏசு அப்டி சொல்லல, கிட்ட வான்னாரு. அத்தத்தான் அவுரு பாடிக்கினு இருந்தாரு. நீ இன்னாத்துக்கு நிறுத்தற?"

இதுவும் ஒரு வாசிப்புதான். எழுதினவர் நினைக்காத அர்த்தத்தை அவர்கள் அந்தப் பாட்டில் பாடிப் பாடி ஏற்றியிருக்கிறார்கள். படித்த நாம் போய் அதை அறியாமை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அம்மாவோடு எனக்கு ஒரு முரண்பாடு இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. பாட்டில் 'நீசன்' என்பது பாவிக்கு இன்னொரு பெயர். ஊர் நமக்குச் செய்த குற்றம், பாடுகிற வேகத்தில் நாம் செய்த குற்றமாகிவிடுகிறது. மூட்டை தூக்கியவன் மன்னிப்புக் கேட்கிறான். கூலியைத் திருடியவன் பெயர் எந்தச் சரணத்திலும் இல்லை.

1990களுக்குப் பிறகு கீபோர்டும் பேடும் வைத்துப் பாடும் ஆராதனைப் பாட்டுகள் இந்தப் பகுதியெங்கும் பெருகின. அவற்றில் பல நீசனை விட்டுவிட்டு, வாலாக இருந்தவனைத் தலையாக்குவார் என்று பாடுகின்றன. நம் பிள்ளைகள் கை தட்டுவதில் ஆச்சரியமில்லை. ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறது: நான் தலையானால் வால் யார்?

வேறு வழி இல்லாமலில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940-2005), 'பரட்டை' என்று நாம் அறிந்தவர், ஆராதனை முறையையே நாட்டுப்புற மெட்டில், பேச்சுமொழியில் அமைத்தார். எந்த வாத்தியத்தைத் தீட்டு என்றார்களோ அந்தப் பறை ஆராதனைக்குள் வந்தது. ஒரே உலையில் சமைத்துச் சேர்ந்து தின்பதை அவர் நற்கருணையின் அர்த்தமாகச் சொன்னார். சாஸ்திரியாரிடம் பிடித்ததை எடுத்துக்கொண்டு, அவர் மறுத்த பந்தியைப் போட்டது போல அது.

வடசென்னையில் நமக்குக் கானா இருக்கிறது. கானாவும் சுத்தமில்லை. பெண்களைப் பற்றி அதில் வருகிற பல வரிகளுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் செத்தவனை அவன் வேலையோடும் பேரோடும் நினைக்க அதற்குத் தெரிகிறது. பந்தலில் ராத்திரி பாடினது காலையில் சபையார் வந்ததும் ஏன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்?

சபைகளில் இதைப் பேச ஆரம்பிக்க வேண்டும். சாவு வீட்டில் என்ன பாட்டு என்பதை வீட்டாரைக் கேட்டு முடிவு செய்யட்டும். எந்தப் பாட்டை யார் எழுதினார், எங்கே நின்று எழுதினார் என்று வாலிபர் கூட்டத்தில் சொல்லிக்கொடுக்கட்டும். வேதாகம மொழிபெயர்ப்பையே எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறோம். பாட்டில் ஒரு சொல்லை மாற்றினால் வானம் இடிந்து விழாது. அந்த அம்மாவுக்கு அவர் பாட்டு வேண்டும் என்றால் அதுவும் இருக்கட்டும், பிடுங்க நமக்கு உரிமையில்லை. ஆனால் மகனைத் தெருமுனைக்கு அனுப்பிவிட்டுப் பாடக் கூடாது. அன்று அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்தவர்களில் நானும் ஒருவன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.