ஆள் நிமிர்ந்தார், பேட்டை நிமிர்ந்ததா?

1990-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரில் இருந்த லீவைஸ் ஆடை ஆலை மூடப்பட்டது. வேலை கோஸ்டாரிகாவுக்குப் போனது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதிக்கு வந்தார்கள். பெரும்பாலோர் மெக்சிக வம்சாவளிப் பெண்கள். அதே நகரத்து மருத்துவமனைகளோ செவிலியர் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தன. வேலை இருந்தது, அதற்கான படிப்பு அந்தப் பெண்கள் வாழ்ந்த ஏழைப் பேட்டைகளை எட்டவில்லை. அந்த இடைவெளியை அடைக்க 1992-இல் பிறந்தது ‘புராஜெக்ட் குவெஸ்ட்’ என்ற வேலைப் பயிற்சித் திட்டம். ஏழைப் பகுதிகளை மீட்கச் சமுதாயக் கல்லூரிகளும் உள்ளூர் அமைப்புகளும் கைகோக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

குறைந்த கட்டணத்தில் இரண்டாண்டுப் படிப்பும் தொழிற்சான்றிதழும் தரும் சமுதாயக் கல்லூரிகள் அந்த ஊருக்குப் புதிதல்ல. கிழக்குப் பகுதியிலுள்ள செயின்ட் பிலிப்ஸ் கல்லூரி, 1898-இல் கறுப்பினச் சிறுமிகளுக்கான தையல் வகுப்பாகத் தொடங்கியது. கூப்பிடு தூரத்தில் கல்லூரி இருந்தும் அதற்குள் நுழைந்து, தாக்குப்பிடித்து, வேலையோடு வெளியே வர முடிந்தவர்கள் குறைவு.

இந்த நிலையை அசைத்தது ‘காப்ஸ்’ என்ற மக்கள் அமைப்பு. எர்னஸ்டோ கோர்டெஸ் என்ற அமைப்பாளர் முன்னின்று 1974-இல் உருவாக்கியது. அதன் வேர் மேற்குப் பகுதியின் கத்தோலிக்கத் தேவாலயப் பங்குகளில் இருந்தது. மழை பெய்தால் வெள்ளம் புகும் தெருக்களுக்கு வடிகால் கேட்டு நகராட்சியோடு மல்லுக்கு நின்று வென்ற அமைப்பு அது. ‘மெட்ரோ அலையன்ஸ்’ என்ற துணை அமைப்போடு சேர்ந்து, வீடு வீடாகக் கூட்டம் போட்டு மக்களின் அனுபவத்தைக் கேட்டது. பயிற்சி முடித்தும் வேலை கிடைக்காத கதைகள் குவிந்தன. அதனால் எந்த வேலைக்கு ஆள் தேவை என்பதை முதலாளிகளிடம் முதலில் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ற படிப்பைக் கல்லூரிகளிடம் கேட்டார்கள். வழக்கமான கூட்டாண்மையில் கல்லூரி திட்டம் தீட்டும். உள்ளூர்ச் சங்கம் ஆள் திரட்டிக் கொடுக்கும். இப்படி உருவான குவெஸ்ட்டில் நிபந்தனை பேட்டையிலிருந்து வந்தது. குவெஸ்ட்டின் வலிமை இதில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. கல்லூரியையும் நகராட்சியையும் எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் தெம்பு இல்லாத சங்கத்தோடு எத்தனை ஒப்பந்தம் போட்டாலும் இது வாய்க்காது.

அடுத்தது, ஆலோசகர். குவெஸ்ட்டில் சேர்ந்தவர்கள் வாராவாரம் ஆலோசகரோடு கூடி உட்கார வேண்டும். படிக்கும் முறை, நேரத்தைப் பங்கிடுவது, நேர்காணலுக்குத் தயாராவது எல்லாம் அங்கே பேசப்படும். கணக்கில் தடுமாறுகிறவருக்குத் தனி வகுப்பு. புத்தகம், சீருடை, போக்குவரத்து, உரிமத் தேர்வுக் கட்டணம் ஆகியவற்றுக்கு உதவி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமலோ மின்கட்டணம் பாக்கி விழுந்தோ படிப்பு நிற்கும் நிலை வந்தால், யாரிடம் போய்க் கேட்பது என்று வழிகாட்டுவார்கள். ஏழை மாணவர் கல்லூரியை விட்டு நிற்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட சில்லறைக் காரணங்களால்தான்.

பலன் கிடைத்ததா? கிடைத்தது, ஆதாரமும் உண்டு. 2006 முதல் 2008 வரை விண்ணப்பித்த 410 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை மட்டும் குவெஸ்ட்டில் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. படிக்கும் காலத்தில் குவெஸ்ட் பிரிவினரின் வருமானம் குறைவாகவே இருந்தது. பிறகு ஏறியது. ஒன்பதாம் ஆண்டிலும் மற்றவர்களைவிட ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். வேலைப் பயிற்சித் திட்டங்களில் ஆதாயம் இவ்வளவு காலம் நீடிப்பது அபூர்வம்.

ஆனால் குவெஸ்ட்டில் சேரப் பள்ளி இறுதிச் சான்றோ அதற்கு ஈடான தேர்ச்சியோ வேண்டும். ஆலையில் பல்லாண்டு தைத்து, ஸ்பானிஷ் மட்டுமே சரளமாகப் பேசிய பெண்களில் எத்தனை பேரால் அந்த வாசலைத் தாண்ட முடிந்திருக்கும்? யாருடைய இழப்பிலிருந்து திட்டம் பிறந்ததோ, அவர்களில் பலருக்கே அதில் இடமில்லாமல் போயிருக்கும் என்பது என்னை உறுத்துகிறது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய அநீதி இருக்கிறது. மேற்குப் பகுதியின் எட்ஜ்வுட் பள்ளிகளுக்குச் சொத்து வரி வருமானம் சொற்பம். நிதிப் பங்கீட்டை எதிர்த்துப் பெற்றோர் தொடுத்த வழக்கை 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தள்ளிவிட்டது. பள்ளியில் கிடைக்காத கணக்கைத்தான் முப்பது வயதில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கல்லூரியில் கற்க வேண்டியிருக்கிறது. சமுதாயக் கல்லூரி அந்தக் கடனை அடைக்கிறது. கடன் உண்டாகும் இடம் அப்படியே கிடக்கிறது.

திட்டத்தின் அளவுகோலும் ஆளோடு நின்றுவிடுகிறது. செவிலியரான பெண்ணின் சம்பளம் கணக்கில் ஏறும். அவர் குடியிருந்த தெருவில் வாடகை, கடை, வீட்டின் நிலை என்ன ஆயிற்று என்று அந்த ஆய்வு கேட்கவில்லை. நல்ல சம்பளம் வந்ததும் நல்ல பள்ளியுள்ள பகுதிக்குக் குடிபெயர்வது ஒரு தாய்க்கு இயல்பு. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதையே பேட்டையின் புத்துயிர்ப்பு என்று எழுதுவது தவறு.

2020 நவம்பரில் நகர மக்கள் குவெஸ்ட் மாதிரியைப் பெரிதாக்க வாக்களித்தார்கள். டாலருக்கு எட்டில் ஒரு சென்ட் விற்பனை வரியில், பல்லாயிரம் பேரை இலக்காகக் கொண்டு, ‘ரெடி டு வொர்க்’ திட்டம் உருவானது. ஏழைகளின் படிப்புக்காகத் தங்கள் மீதே வரி போட்டுக்கொண்ட ஊரை மனதாரப் பாராட்டுகிறேன். என் கவலை ஆலோசகரைப் பற்றியது. எண்ணிக்கை பெருகும்போது முதலில் சுருங்குவது ஒவ்வொருவருக்கும் அவர் தரும் நேரம். வாராந்திரச் சந்திப்பு மாதமொரு தொலைபேசி அழைப்பாகத் தேய்ந்தால், மிஞ்சுவது கட்டணச் சலுகை மட்டுமே. ஓர் ஆலோசகருக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பையும், பள்ளிச் சான்று இல்லாதவர்களுக்கு ஓராண்டு முன்தயாரிப்பையும் காப்ஸ் போன்ற அமைப்புகள் நகராட்சியிடம் எழுத்தில் வாங்க வேண்டும். வடிகாலுக்குக் காட்டிய பிடிவாதம் இதற்கும் தேவைப்படும்.