வசனச் சண்டையில் சிறைப்பட்டவர்கள்

கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் மேடை போட்டு மோதிக்கொள்ளும் மார்க்க விவாதங்களைப் பட்டிமன்றத்தைப் போல ஒரு தனி வடிவமாகவே எடுத்துக்கொண்டு விமர்சிக்கலாம். அதற்கென்று மாறாத இலக்கணம் இருக்கிறது. இரண்டு மேஜைகள், நடுவில் கடிகாரத்தோடு ஒரு நெறியாளர், பக்கங்களில் சீட்டு செருகிய கனமான புத்தகங்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம், அடுத்தவருக்குப் பத்து நிமிடம். நான் பார்த்த எந்த மேடையிலும் பேசுகிறவராக ஒரு பெண் இல்லை. பெண்களுக்குத் தனி இடம் உண்டு. கேள்வி நேரத்தில் அங்கிருந்து சில சமயம் ஒரு துண்டுச் சீட்டு வரும். அதையும் ஓர் ஆண்தான் வாசிப்பார்.

நான் கெங்குவார்பட்டிக்காரி. கொடைக்கானல் மலையடிவாரத்தில், வத்தலக்குண்டுக்கும் பெரியகுளத்துக்கும் இடையே இருக்கும் ஊர். கிறிஸ்தவ வீட்டில் பிறந்தேன். இந்தப் பக்கத்தில் மதம் என்பது பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவரும் விஷயம். பெரியகுளத்தில் கன்னியர் நடத்தும் ஜெயராஜ் அன்னபாக்கியம் பெண்கள் கல்லூரியிலும் சரி, உத்தமபாளையத்தில் ராவுத்தர் பெயரில் இருக்கும் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியிலும் சரி, எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். விவாதம் எங்களுக்கு முதலில் சிடியாக வந்தது, பிறகு போனில் வந்தது. தம்பி பார்ப்பான், வீட்டுக்காரர் பார்ப்பார், அடுப்படியில் நிற்கிறவள் காதால் கேட்பாள். அப்படிக் கேட்டுக் கேட்டே எனக்குப் பல வசன எண்கள் மனப்பாடம்.

அவற்றில் அடிக்கடி வரும் தலைப்பு, மதத்தின் பேரால் நடக்கும் வன்முறையை இஸ்லாம் கண்டிக்கிறதா என்பது. உலகத்தில் எங்கே குண்டு வெடித்தாலும் இந்தத் தலைப்பு தூசி தட்டி எடுக்கப்படும்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1854 ஏப்ரலில் ஆக்ராவில் ஃபாண்டர் என்ற ஜெர்மானிய மிஷனரியும் மௌலானா ரஹ்மத்துல்லா கைரானவியும் இரண்டு நாள் விவாதித்தார்கள். வேதம் திருத்தப்பட்டதா என்பது அங்கே முக்கியமான கேள்வி. கும்பினி ஆட்சி நடந்துகொண்டிருந்தது, மிஷனரியின் முதுகுக்குப் பின்னால் அதிகாரம் இருந்தது. அந்த நிலையில் ஒரு மௌலானா எதிர்த்து நின்று பதில் சொன்னதை வெறும் வாய்ச்சண்டை என்று நான் தள்ளமாட்டேன். 1857க்குப் பிறகு கைரானவி மக்காவுக்குத் தப்பிப்போனார். பிற்பாடு அவர் எழுதிய ‘இஸ்ஹாருல் ஹக்’ தென்னாப்பிரிக்காவில் கடைச் சிப்பந்தியாக இருந்த அஹ்மத் தீதாத்தின் கையில் கிடைத்தது. தீதாத் 1986இல் அமெரிக்காவில் ஜிம்மி ஸ்வாகர்ட்டோடு மோதிய வீடியோ உலகம் சுற்றியது. தமிழ்நாட்டில் பி. ஜைனுல் ஆபிதீனும் தவ்ஹீத் ஜமாஅத்தும் அந்த வழியில் வந்தவர்கள். 2012இல் அவர்களுக்கும் சாட்சி என்ற கிறிஸ்தவக் குழுவுக்கும் நடந்த விவாதத்தை இரு தரப்பிலும் ஏராளமானவர்கள் பார்த்தார்கள்.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் வேறு. மக்காவில் கைரானவி ஒரு மதரஸா தொடங்கினார். அதற்கு நிலமும் கட்டடமும் கிடைக்கப் பணம் கொடுத்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த ஸவ்லதுன்னிஸா என்ற பெண்மணி. ‘ஸவ்லதிய்யா’ என்று இன்றும் அது அவர் பெயரால்தான் இருக்கிறது. மேடையில் கைரானவியின் பெயரைச் சொல்லும் யாரும் அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

தலைப்புக்கு வருகிறேன். முஸ்லிம் தரப்பு ஐந்தாம் அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தோடு தொடங்கும். ஓர் உயிரை அநியாயமாகக் கொன்றவன் மனித குலத்தையே கொன்றவனைப் போல என்ற கருத்து அதில் இருக்கிறது. கிறிஸ்தவத் தரப்பு உடனே, அது இஸ்ரவேலருக்குச் சொன்னதாகத்தானே வருகிறது, அடுத்த வசனத்தில் கடும் தண்டனைகள் வருகின்றனவே என்று மடக்கும், ஒன்பதாம் அத்தியாயத்துக்குத் தாவும். அந்த வசனங்களின் போர்ச் சூழலை முஸ்லிம் தரப்பு விளக்கும். விளக்கம் முடிவதற்குள், அல்லது முடிந்ததும், “உங்கள் பைபிளைத் திறக்கலாமா?” என்ற அந்தக் கேள்வி வரும். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ரசிகர்கள் காத்திருந்த இடம் இதுதான்.

திறக்கப்படுவது பெரும்பாலும் எண்ணாகமம் 31. மீதியானியருக்கு எதிரான போர். ஆண்களைக் கொன்றுவிட்டுப் பெண்களைப் பிடித்து வந்த படைத்தலைவர்கள் மேல் மோசே கோபப்படுகிறார். ஆண் குழந்தைகளையும் ஆணோடு சேர்ந்த பெண்களையும் கொல்லச் சொல்கிறார், கன்னிப் பெண்களை வைத்துக்கொள்ளச் சொல்கிறார். பிறகு கணக்கு வருகிறது. ஆடு ஆறு லட்சத்து எழுபத்தையாயிரம், மாடு எழுபத்திரண்டாயிரம், கழுதை அறுபத்தோராயிரம். அந்தப் பட்டியலின் கடைசியில் கன்னிப் பெண்கள் முப்பத்திரண்டாயிரம். கிறிஸ்தவத் தரப்பு, அது பழைய உடன்படிக்கை, இயேசு மறு கன்னத்தைக் காட்டச் சொன்னார் என்று பதில் சொல்லிவிட்டு, நான்காம் அத்தியாயம் 24ஆம் வசனத்துக்குப் போகும். போரில் பிடிபட்ட பெண்களைக் குறிக்கும் ‘வலக்கரம் சொந்தமாக்கிக்கொண்டவர்கள்’ என்ற தொடர் அங்கே வாசிக்கப்படும். நெறியாளர் மணி அடிப்பார்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் மூச்சு முட்டும். மீதியானியப் பெண் மேடைக்கு வருவது முஸ்லிம் பேச்சாளருக்கு ஒரு புள்ளி எடுத்துக்கொடுக்க. குர்ஆன் சொல்லும் அடிமைப்பெண் வருவது கிறிஸ்தவப் பேச்சாளருக்கு. ஒருவர் அவளைத் தூக்கி அடுத்தவர் மேல் எறிகிறார், அவர் குனிந்து தப்பித்துக்கொண்டு வேறொருத்தியைத் தூக்கி எறிகிறார். குடும்பம் மொத்தத்தையும் பறிகொடுத்து, கொன்றவன் வீட்டுக்கே போக வேண்டியவளுக்கு என்ன நடந்தது என்று ஒரு நிமிடம் நின்று பேச இரண்டு பேருக்கும் நேரமில்லை. எங்கள் தெருவில் தைக்கிற ராவுத்தர் வீட்டு அக்காவோடு ஒருநாள் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். “ரெண்டு பேரும் அந்தப் பொண்ணுகளுக்காகவா பேசுறாங்க? எண்ணிக்கிட்டுல்ல இருக்காங்க” என்றார் அவர்.

“உன் புத்தகம் இன்னும் மோசம்” என்பதைக் கண்டனமாக நான் ஏற்கவில்லை. தன் வீட்டில் நடந்ததைப் பேசும்போதுதான் கண்டனத்துக்கு விலை கொடுக்க வேண்டிவரும். சட்டத்தையே பாருங்கள். முத்தலாக்கைப் பற்றி மேடையில் ஏளனம் செய்த கிறிஸ்தவப் பேச்சாளர்கள், இந்தியக் கிறிஸ்தவப் பெண்ணின் கதையைச் சொல்லவில்லை. 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி, மனைவி பிறனோடு போனாள் என்பது மட்டும் கணவனுக்குப் போதும். மனைவிக்கோ கணவனின் சோரம் மட்டும் போதாது, அதோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். வெறும் அடி உதை மணவிலக்குக்குக் காரணமாகாது. 2001இல்தான் அது மாறியது. 132 ஆண்டுகள்! உடனடி முத்தலாக் செல்லாது என்று 2017இல் தீர்ப்பு வந்தபோது, அதைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனவர்களும் பெண்கள்தான், விவாதப் பேச்சாளர்கள் இல்லை. தவ்ஹீத் ஜமாஅத்தை ஒன்றுக்குப் பாராட்டலாம், வரதட்சணைக்கு எதிராக அவர்கள் ஊர் ஊராகப் பேசினார்கள், பெண்களைப் பள்ளிவாசலுக்குள் தொழ விட்டார்கள். அந்த வேலை செய்த மாற்றத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட விவாத சிடிகள் செய்யவில்லை என்பது என் கணிப்பு.

இந்தக் கேள்வி வெறும் மேடைக் கேள்வியாக இல்லாமல் உயிர்க் கேள்வியாக மாறியது தமிழ் பேசும் இன்னொரு மண்ணில். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் கோயில், நீர்கொழும்புப் பக்கம் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், ஓட்டல்கள். 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு வகுப்பு முடித்து வெளியே வந்த குழந்தைகள். கும்பலின் தலைவன் சஹ்ரான், மட்டக்களப்புக்குப் பக்கத்து ஊரான காத்தான்குடிக்காரன். அவன் முதலில் கைவைத்தது கிறிஸ்தவர்கள் மேல் இல்லை. 2017இல் காத்தான்குடியில் சூஃபி முஸ்லிம்களோடு மோதிவிட்டுத்தான் அவன் தலைமறைவானான். அவனைப் பற்றி முன்பே புகார் சொன்னவர்களும் முஸ்லிம்களே.

இஸ்லாம் கண்டிக்கிறதா? அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா கண்டித்தது, தற்கொலைக் குண்டுதாரிகளின் உடல்களை முஸ்லிம் மையவாடியில் அடக்கம் செய்ய மாட்டோம் என்றது. பெயர் ஒற்றுமையால் தமிழ்நாட்டுத் தவ்ஹீத் ஜமாஅத்தும் தனக்குச் சம்பந்தமில்லை என்று விளக்க வேண்டிவந்தது. அதற்கு ஐந்து ஆண்டு முன்பு, யசீதிப் பெண்களை ஐஎஸ் கும்பல் அடிமைகளாக விற்றபோது, நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் அறிஞர்கள் அபூபக்கர் அல் பக்தாதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவருவதை இஸ்லாம் தடுக்கிறது என்று அதில் தனியாகவே சொன்னார்கள். இவ்வளவுக்குப் பிறகும் மேடையில் அதே கேள்வி அதே குரலில் கேட்கப்படுகிறது. பதில் சொன்னால், நடிக்கிறார்கள் என்பார்கள். அப்படியானால் இது பதில் எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வி இல்லை என்ற முடிவுக்குத்தான் நான் வருகிறேன்.

இதே காத்தான்குடியில் 1990 ஆகஸ்ட் 3 அன்று இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக்கொன்றார்கள். அந்த அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். அந்த இயக்கத்தில் சைவர்களும் இருந்தார்கள், கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். தேவாரம் இதைக் கண்டிக்கிறதா, பைபிள் இதைக் கண்டிக்கிறதா என்று யாரும் மேடை போடவில்லை. போடச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. யாரிடம் மட்டும் இந்தக் கேள்வி போகிறது என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன்.

ஈஸ்டருக்குப் பிறகு இலங்கை அரசு அவசரகால விதியின் கீழ் செய்த முதல் காரியங்களில் ஒன்று, ஏப்ரல் 29 முதல் முகத்திரையைத் தடை செய்தது. தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் வெடித்தவர்கள் ஆண்கள், அவர்களில் யாரும் முகத்திரை போட்டு வரவில்லை. தண்டனை பெண் உடுப்பின் மேல் விழுந்தது. முகம் திறந்து அபாயா மட்டும் போட்ட ஆசிரியைகளும் ஆஸ்பத்திரிக்குப் போன தாய்மாரும் வாசலில் நிறுத்தப்பட்டார்கள். இன்னொன்றும் நடந்தது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தச் சொல்லிப் பல்லாண்டாகப் போராடிய முஸ்லிம் பெண்கள் இரண்டு பக்கத்திலும் மாட்டிக்கொண்டார்கள். இந்தச் சட்டத்தில் பெண் காதியாக முடியாது. முஸ்லிம்களை வெறுத்தவர்கள் அந்தப் பெண்களின் கோரிக்கையைத் தங்கள் ஆயுதமாக எடுத்துக்கொண்டார்கள். சமுதாயத் தலைவர்களோ, இது நேரமில்லை, எதிரிக்குக் காட்டிக்கொடுக்காதே என்றார்கள். எண்ணாகமப் பெண்ணுக்கும் இவர்களுக்கும் அதிக தூரமில்லை.

பெண்கள் எல்லோரும் பலியானவர்கள் என்று முடித்துவிடவும் எனக்கு விருப்பமில்லை. தெமட்டகொடை வீட்டில் போலீஸ் நுழைந்தபோது குண்டை வெடித்தது ஒரு தாய். அவளுடைய பிள்ளைகளும் மூன்று போலீஸாரும் செத்தார்கள். அவள் எதைப் படித்தாள், யார் சொல்லிக்கொடுத்துப் படித்தாள் என்று கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்விக்கும் விவாத மேடையில் இடமில்லை.

எதிராளி இல்லாமல் தன் புத்தகத்தைத் தானே படிக்கும் வழக்கம் ஒன்று பெண்களிடம் வளர்ந்திருக்கிறது. ஃபிலிஸ் ட்ரிபிள் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ அறிஞர் 1984இல் பைபிளில் வதைக்கப்பட்ட நான்கு பெண்களை எடுத்துக்கொண்டு ஒரு புத்தகம் எழுதினார். ஆகார், தாமார், யெப்தாவின் மகள், நியாயாதிபதிகள் 19இல் துண்டு துண்டாக்கப்பட்ட பெயரற்ற பெண். ‘அது பழைய உடன்படிக்கை’ என்ற பின்வாசல் வழியாக அவர் தப்பிக்கவில்லை, நின்று அழுது படித்தார். ஆமினா வதூத் 1992இல் குர்ஆனைப் பெண்ணாக இருந்து படித்தார். மனைவியை அடிப்பது பற்றி வரும் நான்காம் அத்தியாயம் 34ஆம் வசனத்தோடு பல ஆண்டு மல்லுக்கட்டிவிட்டு, 2006இல் வந்த அடுத்த நூலில், அதன் நேர்ப்பொருளுக்கு ‘இல்லை’ சொல்கிறேன் என்றார். அவர் நம்பிக்கையை விட்டுவிடவில்லை. நம் பக்கத்தில் புதுக்கோட்டை ஷரீஃபா பெண்கள் ஜமாஅத் நடத்தினார். ஆண்கள் மட்டும் உட்கார்ந்து, பெண் இல்லாமலே பெண்ணின் வழக்கைத் தீர்க்கும் ஜமாஅத்துக்கு அது பதில். எங்கள் பங்குப் பேரவையிலும் பெண்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், பேச விடுவது கொஞ்சம்தான்.

இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒருத்தி இருக்கிறாள். பைபிளில் ஆகார், முஸ்லிம்களுக்கு ஹாஜரா அம்மையார். குர்ஆனில் அவள் பெயர் இல்லை, ஹதீஸில் கதை இருக்கிறது. விவாதங்களில் அவள் வருவது ஒரே காரணத்துக்காக. பலிக்குக் கொண்டுபோனது ஈசாக்கையா இஸ்மாயீலையா, வாரிசு யார், அடிமையின் பிள்ளைக்கு உரிமை உண்டா என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். தண்ணீர்த் துருத்தி காலியாகி, பிள்ளையைச் செடியடியில் கிடத்திவிட்டு, அது சாவதைப் பார்க்க மாட்டேன் என்று தள்ளிப்போய் உட்கார்ந்தவளைப் பற்றிப் பேசுவதில்லை. ஆதியாகமத்தில் கடவுளுக்குப் பெயர் வைத்தவள் அவள், தன்னைப் பார்க்கிறவர் என்று. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிறவர்கள் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நடப்பதும் ஓடுவதும் அவள் தண்ணீர் தேடி ஓடியதை நினைத்துத்தான். விவாதப் பேச்சாளர்களும் அங்கே ஓடியிருப்பார்கள். அடுத்த தலைப்பு கேட்டு அவர்கள் அறிவிப்பு விட்டால் நான் ஒரு துண்டுச் சீட்டு அனுப்புவதாக இருக்கிறேன்: அவளைப் பாலைவனத்துக்கு விரட்டியது வன்முறையா, இல்லையா? இரண்டு மேஜைக்காரர்களும் தங்கள் தங்கள் புத்தகத்திலிருந்து மட்டும் பதில் சொல்லவும்.